பள்ளிக்கூடத்து கேட்டின் வெறும் வளையம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் நான் செய்த கேட் ஒன்றாவது உங்கள் கண்ணில் படும். யார் காலிலும் விழுந்து கற்ற தொழில் இல்லை. பார்த்தேன், செய்தேன், பேர் வாங்கினேன். திருமழிசைப் பக்கம் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. நான் பாதியில் விட்டேனே, அதே அரசுப் பள்ளிக்கு அப்போதும் கேட் கிடையாது. எதிரே லாரி ஓடும் ரோடு. மணி அடித்தால் பிள்ளைகள் நேராக ரோட்டுக்குத்தான் ஓடும். ஒரு நாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கேட் நிக்கும். என் செலவு." சொன்னால் செய்கிறவன்.

செய்தேன். பத்தடி அகலம், அடியில் சக்கரம், நடுவில் பெரிய வளையம், வளையத்துக்குள் ஓம். கேட் என்றால் நடுவில் ஏதாவது இருந்தாக வேண்டும் அல்லவா? எங்கள் ஆட்கள் வீட்டுக்கு ஓம் அல்லது வேல், பாய் வீட்டுக்குப் பிறை, வேதக்காரர் வீட்டுக்குச் சிலுவை. பார்ட்டி யார் என்று தெரிந்தால் போதும், கை தானாகக் கம்பியை வளைத்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு யார் பார்ட்டி என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

தலைமையாசிரியர் பட்டறைக்கு வந்து பார்த்தார். நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்கு விபூதி. தினமும் காலையில் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருவார், ஊருக்கே தெரியும். வளையத்தைத் தடவிப் பார்த்து, "வேலைப்பாடு பிரமாதம். இதை மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

"இன்னா சார், நெத்தி நெறைய பட்டை போட்டுக்கினு நீங்களே ஓமை எடுன்றீங்க?"

"பட்டை என் நெத்தியில இருக்கு. கேட் பள்ளிக்கூடத்தோடது. கவர்மென்ட் பள்ளிக்கூடத்துக்கு எல்லா வீட்டுப் புள்ளையும்தான் வருது."

"அவ்ளோதானே? பிறையும் சிலுவையும் சேர்த்து வெச்சுட்றேன். எல்லாருக்கும் ஆச்சு."

"சாமியே இல்லைன்னு சொல்றவன் புள்ளைக்கு?"

பேச்சில் நான் தோற்றது அன்றைக்குத்தான். "ஒண்ணும் இல்லாம மாட்டுங்க. இல்லைன்னா மாட்ட முடியாது" என்று சைக்கிளை எடுத்தார்.

கோபம் ஒரு ராத்திரியில் போய்விட்டது. போகாமல் நின்றது ஒரு கேள்விதான். காலையில் அப்படி உருகிக் கும்பிடுகிற மனுஷன், பள்ளிக்கூட வாசலில் அதை எப்படி இறக்கி வைக்கிறார்? எங்கே வைக்கிறார்? என் கேட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பூந்தமல்லி பாயிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன்.

"வாத்தியார் சரியாத்தான் சொல்லிக்கீறாரு அண்ணாத்தே. நீ பிறை வெச்சாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன்."

"ஏன் பாய்?"

"ஓரமா சின்னதா ஒண்ணு வெச்சுட்டு, பாய்க்கும் வெச்சேன், பாய்க்கும் வெச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவே. உன்ன எனக்குத் தெரியாதா?"

சரி, எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ரம்பத்தைக் கையில் எடுத்தால் கை நகரவில்லை. வாழ்நாளில் ஓம் வளைத்திருக்கிறேனே தவிர அறுத்ததில்லை. பள்ளி திறக்க இரண்டே நாள் இருந்தது.

"பாய், நீ அறுத்துடேன்."

"நல்லாக் கீதே கதை! பாய் ஓமை அறுத்துட்டான்னு நாளைக்கு ஊரே என் ஊட்டாண்ட நிக்கும். ஆள வுடு சாமி."

வேறு வழியில்லாமல் தலைமையாசிரியருக்கே ஆள் அனுப்பினேன். வந்தார். செருப்பை வெளியே விட்டார். கேட்டுக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "உடைக்க வேணாம். முழுசா கழட்ட வருமா?" என்றார்.

நான்கே இடத்தில்தான் வளையத்தோடு ஒட்டியிருந்தது. இது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்! நான் அறுத்தேன். கீழே விழுந்துவிடாமல், தோள் துண்டை விரித்து இரண்டு கையாலும் அவர் தாங்கிக்கொண்டார். ஒரு பிசிறு இல்லாமல் கழன்று வந்தது. பட்டறையில் என் நாற்காலிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன்.

மறுநாள் கேட்டை மாட்டினோம். "சக்கரத்துல எலுமிச்சம்பழமாவது வைக்கலாமா சார்?" என்றேன். எல்லா கேட்டுக்கும் வைப்பது பழக்கம்.

"பட்டறையில கிளம்பும்போதே நசுக்கியிருக்கலாமே" என்று சிரித்தார். பாய் என்னைவிட அதிகமாகச் சிரித்தார்.

பள்ளி திறந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து கேட்டில் மோதி நின்றன. எதிர்ப்பக்க டீக்கடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தொண்ணூறுகளில் அவர் ஓய்வு பெற்று, முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டினார். கேட்டுக்கு என்னிடம்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்?

"நடுவுல இன்னா சார்? வெறும் வளையமா?" என்று சீண்டினேன்.

அவர் என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய ஓமைப் பார்த்தார். "அதை யாருக்கும் தர்றதா சொல்லிடலையே?"

"எத்தினியோ பேர் கேட்டாங்க சார். மனசு வரல."

ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். ஒட்டடை படிந்திருந்தது. கீழே குனிந்தால், அவர் துண்டை விரித்துக்கொண்டு தயாராக நிற்கிறார்.