பூட்டிக் கிடந்த காம்பரா

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து நோர்வூட்டுக்கு மேலே இருந்த தோட்டத்துக்கு நாங்கள் குடிவந்தபோது எனக்கு இருபது வயது. மகளுக்கு எட்டு மாதம். பழைய தோட்டத்தில் என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பமும் நாங்களும் ஒரே காம்பராவில் இருந்தோம். நடுவில் ஒரு சாக்குப் படுதா. பிள்ளை பிறந்த பிறகு அந்தப் படுதாவுக்கு இரண்டு பக்கமும் நாள்தோறும் முணுமுணுப்பு. இங்கே ஆள் எடுக்கிறார்கள், தனிக் காம்பராவும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்துவிட்டோம். காரணம் அவ்வளவுதான்.

எங்களுக்குக் கொடுத்தது, வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தின் கடைசிக் காம்பரா. மற்ற வீடுகளின் கதவுகள் எல்லாம் திறந்திருக்க, அது மட்டும் பூட்டிக் கிடந்தது. காவல்காரர் வந்து பூட்டைத் திறந்தார். திறந்த பூட்டைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். உள்ளே அடுப்புச் சாம்பல் அப்படியே இருந்தது. சுவரில் ஒரு சின்னச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காலிசெய்து போனவர்கள் பிள்ளையின் சட்டையை விட்டுவிட்டா போவார்கள்? நான் அதைத் தொடாமல் ஒரு குச்சியால் எடுத்து வெளியே போட்டேன்.

அன்று யாரும் எங்களை எட்டிப் பார்க்கவில்லை. புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி கொடுப்பது எல்லா லயத்திலும் உள்ள வழக்கம். இங்கே அதுவும் இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு எனக்கு வழிவிட்டார்கள். அது மரியாதையாகத் தெரியவில்லை. கொழுந்து எடுக்கும் மலையிலும் என் நிரைக்குப் பக்கத்து நிரையில் நின்றவள், நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

நான்கு நாள் கழித்து, வேலை விட்டு வந்தபோது பாயின் மேல் கரித்துகள் உதிர்ந்து கிடந்தது. அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரண் ஒன்று உண்டு. அதிலிருந்துதான் உதிர்ந்திருக்க வேண்டும்.

"எலியா இருக்கும் புள்ள," என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாளும் கரி உதிர்ந்திருந்தது. எங்கள் தகரப் பெட்டி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. எலி பெட்டியை நகர்த்துமா? கதவுக்குப் பூட்டு கிடையாது, வெறும் நாதாங்கிதான். அடுத்த நாள் காலையில் மகளைப் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகக் கிளம்பியபோது நாதாங்கியில் என் சேலை நூல் ஒன்றைச் சுற்றிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நூல் அறுந்து தரையில் கிடந்தது.

பகலில் லயத்தில் இருந்தவள் ஒருத்திதான். பக்கத்துக் காம்பராக்காரி. பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாததால் வேலைக்குப் போகாமல் இருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. நாங்கள் பேசினால் அந்தப் பக்கம் அவள் பிள்ளையைத் தட்டுகிற சத்தம் நின்றுவிடும். நாங்கள் நிறுத்தினால் மறுபடி தட்டுவாள்.

நூல் அறுந்ததைக் காட்டியதும் அவருக்கும் பயம் வந்துவிட்டது. அப்போது எல்லாத் தோட்டத்திலும் பிரஜாவுரிமைப் பேச்சுதான். மனுப் போட வேண்டும், இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்தோம் என்று காட்ட வேண்டும். கடுதாசி இல்லாதவன் கதி என்ன என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பெட்டியில் கல்யாணப் பதிவும் மகளின் பிறப்புச் சான்றிதழும் இருந்தன.

"அதத்தான் தேடுறாங்க," என்று என் காதோரம் சொன்னார். அன்றிலிருந்து இரண்டையும் மடித்துத் தன் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஒரு சனிக்கிழமை அவர் கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாத மொட்டை மலை. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி, பையிலிருந்து எடுத்தார். கல்யாணப் பதிவு எப்படியோ தப்பியிருந்தது. மகளின் சான்றிதழில் மை கரைந்து நீலத் தண்ணீராக அவர் விரலில் வழிந்தது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அடுப்புச் சூட்டில் காயட்டும் என்று ஒரு விறகுக் கட்டையின் மேல் ஏறி நின்று அந்தத் தாள்களைப் பரணில் விரித்தேன். பரணுக்கும் கூரைக்கும் இடையில் இருந்த குறுக்குக் கட்டைக்குப் பின்னால் என் கை எதிலோ பட்டது. மெழுகு சீலையில் சுற்றிச் சணலால் கட்டிய ஒரு பொட்டலம்.

பிரித்தோம். பிறப்புச் சான்றிதழ்கள் மூன்று, தோட்டத்தில் வேலை செய்ததைக் காட்டும் துண்டுச்சீட்டுகள், ஒரு புகைப்படம். புருஷன், பெண்சாதி, சின்னப் பிள்ளை. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பெயர்களைப் படித்துவிட்டு, "நம்மளுக்கு முந்தி இங்க இருந்தவங்களுது," என்றார். தாள்களைத் திரும்பச் சீலையில் சுற்றிக்கொண்டே, "இல்ல, நம்மள மாட்டிவிட யாரோ வச்சிருக்காங்க. திங்கக்கெழம ஆபீசுல கொடுத்துருவோம்," என்றார்.

எனக்கு அந்தப் புகைப்படம்தான் கண்ணுக்குள் நின்றது. அந்தப் பிள்ளை போட்டிருந்தது நான் குச்சியால் எடுத்து வெளியே போட்ட சட்டை.

"ஆபீசுக்குப் போனா அவங்க கைக்குத் திரும்பிப் போகாதுங்க," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வெறுங்கையோடு பக்கத்துக் காம்பரா வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, எங்க காம்பராவுல என்னா தேடுறீங்க?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஏன் ஒங்க வீட்டுக்கு வாறேன்?" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "மொதல்ல நீங்க சொல்லுங்க. நீங்க யாரு ஆளு? பூட்டுன காம்பராவ ஒங்களுக்கு மட்டும் எதுக்குத் தொறந்து குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

கோபத்தில் அவள் கொட்டித் தீர்த்ததிலிருந்துதான் எனக்கு விளங்கியது. முன்பு அங்கே இருந்தது அவளுடைய நாத்தனார் குடும்பம். நாத்தனாரின் புருஷன் பெரட்டுக் களத்தில் மேற்பார்க்கும் கண்டாக்கையாவை எதிர்த்துப் பேசியதற்காக வேலையிலிருந்து நிறுத்தி, கணக்குத் தீர்த்த பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவன் டவுனுக்குப் போயிருந்த நேரத்தில் காவல்காரர் வந்து நின்று அவசரப்படுத்திக் காம்பராவைக் காலிசெய்ய வைத்துப் பூட்டிவிட்டார். கடுதாசிகளை அவன் எங்கே ஒளித்தான் என்பது பெண்சாதிக்குத் தெரியாது. அவற்றைத்தான் இவள் நாங்கள் இல்லாத நேரத்தில் தேடியிருக்கிறாள். இப்போது வட்டகொடையில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள். அவன் இந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. நாங்கள் வந்துதான் பூட்டு எடுபட்டது. அந்த இடத்துக்கு வந்த நாங்கள் துரையின் ஆட்கள், லயத்துப் பேச்சைக் கேட்டுப் போய்ச் சொல்வதற்காக வைக்கப்பட்டவர்கள் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள்.

"படுதா கட்டி இருக்க முடியாமத்தான் வந்தோம்," என்றேன்.

"அதுக்காகவா ஒருத்தங்க பொறந்த தோட்டத்த விட்டுட்டு வருவாங்க?" என்றாள்.

நான் திரும்பிப் போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள். ஏதாவது குறைகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அடுத்த ஞாயிறு நோர்வூட் கடைவீதியில் எங்கள் காம்பராவில் முன்பு இருந்த மனிதரைப் பார்த்தோம். அவள் எங்களையும் வரச் சொல்லியிருந்தாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவர் என் வீட்டுக்காரரிடம், "தொறந்து பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தோம்."

"வேற யாருக்கும் காட்டுனீங்களா?"

"இல்லைங்க."

நம்பினாரோ என்னவோ. பஸ் ஏறப் போனவர் திரும்பி வந்து, "மேக்கால செவுரு மழைக்கு ஊறும். புள்ளைய அங்கிட்டுப் படுக்கப் போடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகளுக்குப் புதுப் பிரதி வாங்க நடையாய் நடந்தோம். வந்த பிரதியில் தகப்பன் பெயர் வேறு மாதிரி எழுதியிருந்தது. அதைத் திருத்த இன்னும் நடக்க முடியாமல் அப்படியே மனுவோடு வைத்துவிட்டோம். சில காலம் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி தோட்டத்துக்கு வந்தார். சிங்களத்தில் அவர் கேட்க, பக்கத்தில் நின்ற கிளாக்கர் தமிழில் சொன்னார்.

"பேர் வேறயா இருக்கு. இது ஒங்க புள்ளதானான்னு கேக்குறாரு."

என் வீட்டுக்காரர் தாளை வாங்கி அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தார். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பக்கத்துக் காம்பராக்காரி முன்னால் வந்தாள்.

"இவங்க புள்ளதாங்க. எனக்குத் தெரியும்."

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"பொறந்ததுலேருந்து," என்றாள் கண் இமைக்காமல்.

அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும், பதிலுக்கு இவள் என்ன கேட்கப் போகிறாளோ என்றுதான் என் புத்தி முதலில் போனது. அவள் எதுவும் கேட்கவில்லை. தன் பிள்ளை பால் குடிக்கும் நேரம் ஆகிவிட்டது என்று பிள்ளைக் காம்பராப் பக்கம் ஓடினாள்.

எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. வட்டகொடைக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. கடுதாசி எல்லாம் இருந்தும், இடையில் எந்தத் தோட்டத்திலும் பேர் இல்லாத அந்த மாதங்களைக் காட்டி மறுத்துவிட்டார்களாம். அதை அவள் பீலியடியில் வைத்து என்னிடம் சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள்தான் குனிந்து அதைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டாள்.