ஸ்லிப்பில் நிற்கும் ஆள்

மனைவி போன பிறகு மயிலாப்பூர் வீட்டில் நான் பேசுவது குக்கரிடம்தான். அதுவாவது விசில் அடித்துப் பதில் சொல்லும். அதனால்தான் அறுபத்தோரு வயதிலும் ஞாயிற்றுக்கிழமையானால் அடையாறுக்குப் போய் எங்கள் கிளப்புக்குக் கிரிக்கெட் ஆடுகிறேன். பேட்டிங்கைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் போவது ஸ்லிப்பில் நிற்க. பக்கத்திலேயே விக்கெட் கீப்பர், முன்னால் பேட்ஸ்மேன். கூப்பிடு தூரத்தில் இரண்டு மனிதர்கள், போதாதா?

பேசுவேன். கத்தரிக்காய் விலை, வேலை செய்யாத லிஃப்ட், வராத தூக்கம். "ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவீங்களா, நறுக்கிப் போடுவீங்களா?" என்று பேட்ஸ்மேனைக் கேட்பேன். எதிரணியைக் குழப்பும் தந்திரம் என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தந்திரமாவது மண்ணாவது. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. அவள் இருந்தவரை நான் அடுப்படிப் பக்கம் போனதில்லை.

போன மாதம் கேப்டன் வந்தான். வேளச்சேரியில் ஐ.டி. வேலை, தங்கமான பையன்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசுறதுல நம்ம கீப்பரே கேட்ச் உடறான். கொஞ்ச நாள் பவுண்டரில நில்லுங்களேன்."

"வாயை மூடிக்கிறேன்பா."

"உங்களால முடியாது அங்கிள்" என்று சிரித்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன் சொன்னது வாஸ்தவம்.

பவுண்டரியில் ஈ காக்கை கிடையாது. ஒரு நல்ல கேட்ச் பிடித்துக் காட்டினால் பழைய இடத்துக்குக் கூப்பிட்டுவிடுவான் என்று வாரா வாரம் காத்துக்கொண்டு நின்றேன்.

நேற்று வந்தது. உயரே ஏறிய பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி, மூச்சு இரைக்க, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். இந்தக் கைதானா பிடித்தது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. பந்தோடு உள்ளே ஓடினேன். நடுவில் எல்லாரும் பவுலரைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். விக்கெட் விழுந்தால் பவுலரிடம்தான் ஓடுவார்கள், வழக்கம் அதுதான். தெரிந்தும் பாதி மைதானம் ஓடிவிட்டேன், ஒரு கையாவது என் முதுகிலும் விழாதா என்று.

கேப்டன் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். நிஜமான சந்தோஷம் அவன் முகத்தில்.

"சூப்பர் அங்கிள். பந்தை அங்கேர்ந்தே போட்டுடுங்க. இனிமே பவுண்டரி உங்களுக்குத்தான், வேற யாரையும் நிக்க வெக்க மாட்டேன்."

பந்தை எறிந்தேன். சனியன், அந்தக் கேட்சைக் கை நழுவ விட்டுத் தொலைத்திருக்கலாம்.