மேடை யார் உயரத்துக்கு?

"மேடம், உங்க ஹைட் சொல்லுங்க."

ஒத்தக்கடையில் எங்கள் வீடு பூச்சு வேலையில் இருந்தபோது, டேப்பும் கையுமாக வந்த கிச்சன் டிசைனர் கேட்ட முதல் கேள்வி இது. பக்கத்திலேயே ஆறடி உயரத்துக்கு என் கணவர் நிற்கிறார். அவரிடம் கேட்கவில்லை!

"சாரை அளங்க தம்பி. சமைக்கிறது அவர்தான்" என்றேன்.

சிரித்தார். ஜோக் என்று நினைத்துவிட்டார் போல.

ஜோக் இல்லைங்க. கல்யாணமான புதிதிலிருந்தே எங்கள் வீட்டில் கரண்டி அவர் கையில்தான். அவருக்குச் சமையல் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது... அவ்வளவுதான் விஷயம். ஆனால் குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் சமையல் மேடை தாழ்வு. குனிந்து குனிந்தே மனுஷனுக்கு இடுப்புவலி வந்துவிட்டது. அதனால்தான் சொந்த வீட்டில் கிச்சன் மட்டும் சொகுசாக இருக்கட்டும் என்று துணிந்தோம் – குவார்ட்ஸ் மேடை, சத்தமில்லாமல் மூடும் டிராயர், சுவரில் பதித்த ஓவன்.

டிசைன் வந்தது. அப்படியொரு பளபளப்பு! மேடை மட்டும் என் உயரத்துக்கு.

கேட்டால், "அதுதான் மேடம் ஸ்டாண்டர்ட். லேடீஸுக்கு வசதியா இருக்கும்."

அன்றைக்கென்று பார்த்து மேலூரிலிருந்து மதினி வந்திருந்தார். கணவரின் அக்கா. மேடையை உயர்த்தச் சொல்லலாம் என்று நாங்கள் பேசியது காதில் விழ, இவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, அம்புட்டு ஒசரமா வச்சா பொம்பளைக எப்படிப் பொழங்குறது? நான்தான் சமைக்கிறேன்னு ஊருக்கே போர்டு மாட்டப் போறியா? சொந்தக்காரவுக சிரிக்க மாட்டாக?"

இவர் முகம் சுருங்கிப் போனது. மதினி நகர்ந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "விடும்மா, ஸ்டாண்டர்டாவே இருக்கட்டும். இம்புட்டு நாள் குனிஞ்சேன்... இனியும் குனிஞ்சுட்டுப் போறேன்."

அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து ஒரு மனிதர் ஆயுசு முழுக்கக் குனிய வேண்டுமா? அதுவும் சொந்த வீட்டில்?

அங்கேயே நின்று டிசைனருக்கு போன் போட்டேன். மதினி காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசினேன்.

"மேடை சார் உயரத்துக்குத்தான் வரணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

மேடை உயர்ந்தது.

டிராயர் கைப்பிடிக்கு எத்தனை மாடல் காட்டுகிறார்கள் தெரியுமா? பார்த்துப் பார்த்துக் கண்ணே வலிக்கும். ஆனால் அந்த அடுப்புக்கு முன்னால் நிற்கப் போவது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதை நமக்காக அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள்!

போன ஞாயிறு பால் காய்ச்சினோம். பாலை அடுப்பில் ஏற்றியது இவர்தான். அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் பொங்கலும் சாம்பாரும். நிமிர்ந்து நின்று இவர் கிண்டிய அழகை நான் ஆசை தீரப் பார்த்தேன். மதினி தட்டை நீட்டினார். "தம்பி, இன்னுங் கொஞ்சம் சாம்பார் ஊத்து" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மாமாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஏம்மா, அவரு அடுப்படியில நிக்கிறாரு... அப்ப நீ என்னதான் செய்வ?"

"வயிறாரச் சாப்பிடுவேன், மாமா!"