கம்பெனிக்குள் இருந்த ரொட்டி

"சார், ஒரு கம்பெனி குடுங்க" என்று அவர் சொன்னால், டீ குடிக்கப் போகலாம் என்று அர்த்தம். தா.பழூர்ப் பக்கம் நான் ஆங்கிலம் நடத்தும் பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். சாயங்காலம் மணியடித்ததும் பஸ் ஸ்டாப் கடையில் ஒரு பன் வாங்கி, பிட்டு, பாதியை என்னிடம் நீட்டுவார். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம்.

பாடத்துக்காக அகராதியைப் புரட்டியபோது அந்தச் சொல் கண்ணில் பட்டது. லத்தீனில் 'கொம்' என்றால் கூட, 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவன் 'கொம்பானியோ'. பிற்பாடு அது துணையாகி, கூட்டாகி, அரியலூரில் புகை விடுகிற சிமெண்டு கம்பெனி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னேன். "அப்ப நாமதான் சார் ஒரிஜினல் கம்பெனி" என்று சிரித்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரிலேயே, "ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுக்குச் சாப்பிட வாங்க சார்" என்றுவிட்டேன்.

என் வீடு காலனியில். அவர் ஊர்த்தெரு, நிலபுலம் உள்ள குடும்பம். அந்த மாதிரிக் குடும்பங்களின் வயலில்தான் என் அப்பா கூலிக்கு நின்றார். அதெல்லாம் பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்த கிறுக்கு, வேறென்ன!

வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். என் மனைவி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து இலை போட்டிருந்தாள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னைக்கு விரதம் சார். தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சோடா போதும்."

மூடி கழற்றாத சோடாவில் எங்கள் கை பட்டிருக்காது. ஊர்த்தெருக்காரர்கள் எங்கள் வீடுகளில் வாய் நனைப்பது அதில் மட்டும்தான். நான் கடைக்குப் போக வண்டிச் சாவியைத் தேடினேன். அதற்குள் என் மனைவி ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து, திறக்காமலே அவர் முன்னால் வைத்தாள். அவரே திறந்து குடித்துவிட்டு, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிக் கிளம்பினார்.

"சோடா ஏது?" என்று கேட்டேன்.

"கோழி வாங்குனப்பவே அதையும் வாங்கிட்டேங்க" என்றாள்.

அவருக்குப் போட்ட இலையை மடித்து எடுத்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. அவர் மேல் வந்த கோபத்தைவிட, சந்தோஷப்பட்ட என் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

மறுநாள் சாயங்காலம் மணியடித்தது. "சார், கம்பெனி குடுங்க" என்றார். போனேன். வழக்கம்போல் பன்னைப் பிட்டுப் பாதியை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு விரதம்கூட இல்லை.