அழகுமலை மறைத்து வைத்த முடிவு

அழகுமலையை மதுரைக்காரர்கள் பலர் திரையில் பார்த்திருப்பார்கள். முகம்தான் ஞாபகம் இருக்காது. கதாநாயகன் கையை ஓங்கியதும் முதல் ஆளாகக் குப்புற விழுகிறவன் அவன். பதினாலு வருஷம் மெட்ராஸில் இப்படியே விழுந்தான். ஊருக்கு வந்து ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே யாராவது கேட்பார்கள்: "என்னண்ணே, இந்தப் படத்துல எத்தனாவது நிமிசத்துல செத்தீக?"

சிரித்துக்கொண்டே வந்து என்னிடம்தான் பொருமுவான். நான் அவனுக்கு ஒன்றுவிட்ட மச்சான். சினிமா போஸ்டர் ஒட்டுவது என் தொழில்.

"மாப்ள, ஒரே ஒரு படம் நானே எடுக்கணும். இந்த ஊரு மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து பாக்கணும். அதுக்கப்பறம் எவனும் என்னையப் பாத்துச் சிரிக்கக் கூடாது."

அதற்கு அவன் எடுத்துக்கொண்டது எங்கள் பக்கத்தில் நடந்த கதை. எழுபத்துமூன்றாம் வருஷம், பரவைக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்த இறங்கிய கருத்தக்கண்ணனும் நல்லகாமனும் மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மூன்று நாள் தோண்டினோம். உள்ளேயிருந்து கடப்பாரையால் பாறையைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு கடப்பாரை. தட்டுவது எவன் என்று மேலே ஒருவருக்கும் தெரியாது. அன்னக்கொடி கருத்தக்கண்ணன் பெண்டாட்டி. முத்துத்தாய் நல்லகாமன் பெண்டாட்டி. இருவரும் கிணற்று மேட்டில் அந்த ஒரு சத்தத்துக்கே காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். மாரியாத்தா, ரெண்டு பேரையும் கொடு என்று வேண்டாத வாய் இல்லை. அவள் ஒருவனைத்தான் கொடுத்தாள். ஏன் என்று கேட்க நான் யார்?

பெண்டாட்டி பங்கு நிலத்தை விற்றுத்தான் அழகுமலை படத்தை ஆரம்பித்தான். வருகிறவன் எவன் என்பதுதான் படத்தின் உயிர் என்பான். ஆறு வருஷத்தில் மதுரை டவுனுக்குள் அந்தச் சங்கதி மறந்துபோயிருந்தது. அது அவனுக்குத் தோதாகப் போயிற்று. கடைசிக் காட்சியை இரண்டு விதமாக எடுத்தான். ஒரு தடவை கயிற்றில் கருத்தக்கண்ணன் ஏறி வந்தான், மறு தடவை நல்லகாமன். எது படத்தில் இருக்கும் என்று நடித்தவர்களுக்கே சொல்லவில்லை. என்னிடமும் மூச்சு விடவில்லை.

எழுபத்தொன்பதில் படப்பெட்டி வந்தது. வண்டியூர் மாரியம்மன் சந்நிதியில் வைத்துப் பூசை போட்டோம். பூசாரி திருநீறு கொடுத்துக்கொண்டே, "முடிவு நல்லபடியா முடியுதா?" என்று கேட்டார்.

"சாமி, அம்மனுக்கே இன்னும் சொல்லல" என்றான் அழகுமலை. அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. காதுகுத்தோ, கட்சிப் பதவியோ, நம் ஆளுக்கு ஒரு பெருமை வந்தால் மதுரைச் சுவரில் போஸ்டர் ஏறியே ஆக வேண்டும். கருத்தக்கண்ணனின் மைத்துனன் விருமாண்டி பரவையில் டீக்கடை வைத்திருந்தான். வியாழக்கிழமை காலையில் இருநூறு போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"படம் எடுத்த அண்ணனுக்கு நாங்க செய்யிற மரியாத. காசு வாங்காம ஒட்டுங்கண்ணே, நம்ம ஊரு விசயம்."

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். உச்சியில் மாரியம்மன் துணை. நடுவில் மாலையோடு கும்பிட்டபடி கருத்தக்கண்ணன். கீழே, 'அறுபதடிக் கிணற்றில் எமனை வென்று உயிரோடு மீண்ட எங்கள் அண்ணன் கருத்தக்கண்ணனின் உண்மைக் கதையைப் படமாக்கிய அழகுமலை அவர்களை வாழ்த்துகிறோம்.' வாழ்த்தில் என்ன கெடுதல் இருக்கப்போகிறது? சாயங்காலத்துக்குள் ஆரப்பாளையத்திலிருந்து தியேட்டர் வாசல் வரை ஒட்டி முடித்தேன். பசையையும் கெட்டியாகவே காய்ச்சியிருந்தேன்.

படம் வெளியாகிற வெள்ளிக்கிழமை காலை அழகுமலை தியேட்டர் வாசல் சுவருக்கு முன்னால் நின்றான். பிறகு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். காகிதம் வரவில்லை, விரலில் ரத்தம்தான் வந்தது.

"யாருடா ஒட்டுனது?"

"நான்தான் மச்சான்."

"நீயா? உனக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?"

அதற்குள் விருமாண்டி ஆட்களோடு மாலையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "அண்ணே, எங்க மச்சான் மூஞ்சியவா கிழிக்கிறீக?"

"முடிவச் சுவத்துல எழுதிட்டீங்களேடா!"

"பெழச்சு வந்தத எழுதாம, செத்ததையா எழுதுவாக?"

அந்த மாலைக்குக் கழுத்தை நீட்டுவதைத் தவிர அழகுமலைக்கு வேறு வழி இல்லை.

தியேட்டருக்குள் கடப்பாரைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எவனாவது கத்தினான்: "கருத்தக்கண்ணன்தான்டா, சுவத்துல பாக்கலயா?" பெண்கள் பக்கமோ சாவகாசமாகக் கடலை உரித்தது. கயிறு மேலே வரும் முன்பே பாதிப் பேர் எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள். ஏழு நாளும் அழகுமலை கடைசி வரிசையில் நின்று, அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி நாள் மத்தியானக் காட்சிக்கு நல்லகாமன் பெண்டாட்டி முத்துத்தாய் தனியாக வந்தாள். கடப்பாரை தட்ட ஆரம்பித்ததும் முன்சீட்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிடியை விடவே இல்லை. "ஒருத்தி பாக்குறா மாப்ள" என்று அழகுமலை என் தோளை அழுத்தினான். திரையில் கயிறு ஆடியது. அவள் சட்டென்று எழுந்து வெளியே நடந்தாள்.

அழகுமலை அவள் பின்னாலேயே ஓடினான். "மதினி, இன்னும் ரெண்டே நிமிசந்தான். முடிவப் பாக்காமப் போறீக?"

"கயிறு ஆடிக்கிட்டு இருக்கு தம்பி. வாரது யாருன்னு இன்னுந் தெரியல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இம்புட்டுப் போதும். நான் வாரேன்."

அவளை நிறுத்தவும் முடியவில்லை, போகவிடவும் மனசில்லை. அழகுமலை வாசலிலேயே நின்றான். உள்ளே யாரோ விசிலடித்தான்.

மறுநாள் புதுப்படம். கருத்தக்கண்ணன் முகத்தின் மேல் நானேதான் அதை ஒட்டினேன். அதிலும் அழகுமலை இருக்கிறான். முதல் சண்டையில் விழுகிறான்.