உப்புப் பானையில் வைத்த பூட்ஸ்

என் வலது காலுக்கு மட்டும் ஒரு பூட்ஸ் இருந்தது. இடது கால் வெறுங்காலாகத்தான் திரிந்தது. எழுபதுகளின் நடுவில் மரக்காணத்து உப்பளப் பக்கம் பூட்ஸ் போட்டு நடந்தவர்கள் இரண்டே பேர். ஸ்டேஷன் போலீஸ்காரர் ஒருவர், அடுத்தது நான். இதை நானே சொல்லிச் சிரிப்பேன். அடுத்தவர்கள் சிரித்தால் மட்டும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அந்த வலது காலை வாங்கிக்கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம். அம்மாவின் இடுப்பிலும் அப்பாவின் தோளிலும் இருந்துதான் நான் ஊரைப் பார்த்தேன். இருவரும் உப்பளக் கூலிகள். அப்பா பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பு வாருவார். அம்மா அதைக் கூடையில் சுமந்து போய் மேட்டில் கொட்டுவாள். நான் வரப்பில் ஒரு சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடம் போகிற வயது வந்து, போயும் கொண்டிருந்தது. நடக்க முடியாத பிள்ளையைத் தினமும் யார் தூக்கிக்கொண்டு போவது என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு பூட்ஸ் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அப்பா வேலையை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே ஒரு பட்டறை இருந்தது. புதிதாகச் செய்வதற்கு நாளாகும் என்று பட்டறைக்காரர் மூலையிலிருந்து பழையது ஒன்றை எடுத்து வந்தார். யாரோ ஒரு பெண் போட்டு, வளர்ந்து, திருப்பிக் கொடுத்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையைச் சுற்றி அகலமான தோல் பட்டை, முட்டிக்கு ஒரு தோல் மூடி, அடியில் கணுக்கால் வரைக்கும் பூட்ஸ். கம்பி மடங்காது. அதுதான் காலை நேராக நிறுத்தி வைக்கும். என் காலுக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. வளர்கிற பிள்ளைதானே என்று வாங்கிக்கொண்டோம்.

தோல் அங்கங்கே வெளுத்து, கணுக்கால் பக்கம் மடிப்பு மடிப்பாக இருந்தது. அந்த மடிப்பெல்லாம் அந்தப் பெண்ணின் நடை. முதல் நாள் அதற்குள் என் காலை விட்டபோது, ஆள் இல்லாத வீட்டில் சொல்லாமல் நுழைந்த மாதிரிக் கூச்சமாக இருந்தது. எங்களை அனுப்பும்போது பட்டறைக்காரர் சொன்னார்:

"தெனமும் போடணும். போடப் போடத்தான் தோலும் பதமாவும், காலும் நேரா நிக்கும். கழட்டி வெச்சிட்டா ரெண்டும் கெட்டுப்போவும்."

அப்பா தலையை ஆட்டினார். என்ன சொன்னாலும் தலையை ஆட்டுகிற மனுஷன் அவர்.

முதல் பத்துப் பதினைந்து நாள் நரகம். பட்டை தொடையை அறுத்தது, கணுக்காலில் கொப்புளம் வெடித்தது. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரி வந்து, பிள்ளையை ஏன் இப்படிச் சித்திரவதை பண்ணுகிறீர்கள் என்று அம்மாவோடு சண்டை போட்டாள். அம்மா விளக்கெண்ணெயைத் தொட்டுப் பட்டையின் உள்பக்கம் தேய்த்துத் தேய்த்து மாட்டிவிடுவாள். மெல்ல மெல்லத் தோல் வழிக்கு வந்தது. அந்தப் பெண்ணின் மடிப்புகளுக்குப் பக்கத்திலேயே என்னுடைய மடிப்புகள் விழுந்தன. வெளுத்திருந்த தோல் எண்ணெயும் வேர்வையும் ஊறிப் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்தது. ஒரு கட்டத்தில் அதைப் போட்டிருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோனது.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். உப்பளத்து மண் ரோட்டில் டக், டக் என்று நடந்து போவேன். பையன்கள் பின்னாலேயே டக், டக் என்று வாயால் சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். உங்க வீட்டில் செருப்புக்கே வழி இல்லை, பேச வந்துட்டீங்களா என்று திரும்பி ஒரு பிடி பிடிப்பேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். கால் குறைச்சல் என்றால் வாயாவது அதிகம் இருக்க வேண்டாமா?

எங்கள் பக்கம் செருப்புக் காலோடு யாரும் பாத்திக்குள் இறங்க மாட்டார்கள். உப்பு மகாலட்சுமி. முதல் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் மேஸ்திரி முதற்கொண்டு உள்ளே போவார். ஒரு லீவு நாளில் நான் பூட்ஸோடு வரப்பில் ஏறிவிட்டேன். அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். மேஸ்திரி பார்த்துவிட்டு, "வுடும்மா. அது செருப்பு இல்ல, ஒன் பொண்ணோட காலு. வரட்டும்" என்றார். அன்றைக்கு அப்பாவின் முகத்தில் இருந்த பெருமையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பூட்ஸை என்னிடமிருந்தே காப்பாற்ற ஆரம்பித்தார். தண்ணீரில் மிதிக்காதே, மண்ணில் தேய்க்காதே என்று ஓயாத தொல்லை. எங்கள் வீட்டில் நல்ல பொருள் என்றால் அதை உபயோகப்படுத்தக் கூடாது என்று அர்த்தம். அம்மாவின் கல்யாணப் புடவை பெட்டியிலேயே கிடந்து மடிப்போடு கிழிந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் முழுகிப்போனது, வேலை நின்றது. உப்புக் குவியலை ஓலை போட்டு மூடிவிட்டு எல்லோரும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரோட்டில் முட்டியளவு தண்ணீர். பூட்ஸில் பச்சையாகப் பூஞ்சை பிடித்தது. துடைத்தால் மறுநாள் மறுபடி வந்தது. போதாக்குறைக்கு, எண்ணெய் வாசனைக்கு வந்த எலி ஒன்று தொடைப் பட்டையின் ஓரத்தைக் கடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்த அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அவர் யோசித்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. உப்பளத்துக்கு ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து தோல் மண்டி லாரிகள் வரும். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்பில் போட்டுத்தான் அடுக்குவார்கள். எங்கள் அழுக்கு உப்பு முழுக்க அதற்குத்தான் போகும். உப்பு போட்ட தோல் எத்தனை நாள் தாங்கும் என்று லோடு ஏற்ற வந்த ஆளிடம் அப்பா முன்பு ஒரு தரம் கேட்டிருக்கிறார். ஆறு மாசம் ஆனாலும் ஒன்றும் ஆகாது என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது உரித்த பச்சைத் தோலுக்கு. பதம் போட்டு, தைத்து, ஒரு பிள்ளை போட்டு நடந்த தோலுக்கு இல்லை. இந்த வித்தியாசம் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ட உலகத்தில் மீன் உப்பில்தான் தங்கியது, மாங்காய் உப்பில்தான் தங்கியது.

உப்புத் தண்ணீர் பட்டாலே செருப்பு விறைத்துப்போகிறதே என்று அம்மா தடுத்துப் பார்த்தாள்.

"அது தண்ணி செய்ற வேல. இது காஞ்ச உப்பு. உப்பு எதையாவது கெடுக்குமா?" என்றார் அப்பா.

பெரிய பானை ஒன்றில் அடியில் உப்பு பரப்பி, பூட்ஸை வைத்து, நடுவில் எல்லாம் உப்பு நிரப்பி, கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாயைத் துணி சுற்றிக் கட்டிக் களிமண் பூசினார். பிரசாதம் கட்டுகிற மாதிரி அவ்வளவு பக்தியோடு செய்தார். பானை பரண்மேல் ஏறியது. நான் பழையபடி தரையில் உட்கார்ந்து நகர்ந்தேன். கொப்புளம் இல்லை, பட்டை இல்லை என்று எனக்குக் கொண்டாட்டம்தான். முட்டியை மடக்கிக்கொண்டு தூங்க எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? மழை விட்டதும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம். அந்த வருஷம் மழை விடவே இல்லை. கார்த்திகையில் புயல் சின்னம், மார்கழியிலும் தூறல். கூரை ஒழுகிப் பரணும் நனைந்தது.

பொங்கல் கழிந்து உப்பளத்தில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தபோதுதான் அப்பா பானையை இறக்கினார். களிமண் வெடித்திருந்தது. உள்ளே உப்பு நீர்விட்டுத் துருவோடு கலந்து சிவப்பாகக் கிடந்தது. பூட்ஸை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். கட்டை மாதிரி நின்றது. பட்டையை விரிக்கப் போனபோது படக்கென்று ஒரு சத்தம், குறுக்கே ஒரு வெடிப்பு. அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

"எம் பொண்ணு காலக் கருவாடு போட்டுட்டியேய்யா" என்றாள் அம்மா.

கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

மறுநாளே அப்பா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் போனார். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து உப்பை எடு, வெயிலில் போடாதே, எண்ணெய் விட்டுத் தினமும் கையால் மடக்கி நீட்டு, தோல் செத்துப்போகவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். வெடித்த இடத்துக்கு ஒரு ஒட்டும் தைத்துக் கொடுத்தார். அப்பாவுக்குப் போன உயிர் வந்தது.

துடைத்துக் காயவைத்தால் மறுநாள் தோலில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மறுபடி துடைப்பார். அது நின்ற பிறகு விளக்கெண்ணெய். பகலெல்லாம் உப்பு வாரி வெடித்த கை அது. அந்த வெடிப்பில் எண்ணெய் இறங்க இறங்க அவர் தோலைப் பிசைவார். உப்பளத்துக்கும் எடுத்துப் போனார். கஞ்சி குடிக்கிற நேரத்தில் பூட்ஸுக்குள் கையை விட்டு, பட்டையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, மடக்கி மடக்கி நீட்டுவார். ஏம்பா, பொண்ணு காலக் கையில மாட்டிக்கிட்டு எங்க நடக்கப் போற என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணினார்கள். அவர் சிரித்துக்கொண்டே செய்வார்.

அதே பாட்டிலிலிருந்து எண்ணெய் எடுத்து அம்மா என் முட்டியில் தேய்த்தாள். இரண்டு மாசத்துக்கு மேல் மடங்கியே இருந்த கால் நீட்ட மாட்டேன் என்றது. முட்டிக்குப் பின்னால் ஒரு நரம்பு கயிறாக இழுத்துப் பிடித்தது. அவள் அழுத்துவாள், நான் அலறுவேன், அவளும் அழுவாள். விளக்கைச் சுற்றி இந்தப் பக்கம் அம்மா என் காலோடு, அந்தப் பக்கம் அப்பா பூட்ஸோடு. வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாசனை. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பங்குனியில் பூட்ஸ் தயாராகிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், முன்பு இருந்ததைவிட நன்றாக வந்திருந்தது. கறுப்பும் சிவப்பும் கலந்த ஒரு நிறம், தொட்டால் காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தது. பழைய பெண்ணின் மடிப்பும் என் மடிப்பும் அப்படியே இருந்தன. அப்பா ஆசை ஆசையாக எனக்கு மாட்டினார். கம்பி நேராக இருந்தது. என் கால் நேராக இல்லை. தொடையை ஒரு கையால் அமுக்கி, கணுக்காலை ஒரு கையால் இழுத்துப் பார்த்தார். வலி தாங்காமல் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். கடித்த இடத்தில் எண்ணெய்க் கசப்பு. அவர் கையை இழுக்கவில்லை. தோல் இளகிவிட்டது, கால் இளகவில்லை என்று அப்போதுதான் மூன்று பேருக்கும் தெரிந்தது.

மறுபடி பாண்டிச்சேரி. டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு சுருங்கிவிட்டது, ஆபரேஷன் செய்தால்தான் நீளும், அதற்கும் இன்னும் சில வருஷம் போகட்டும், இந்தப் பூட்ஸ் இனி உதவாது என்றார். அதைத் திருப்பிக் கொடுக்க அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். அதே பட்டறைக்காரர். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டையை விரலில் சுற்றிப் பார்த்தார், மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"ஏம்பா, இங்க எத்தினியோ பேர் திருப்பிக் குடுத்திருக்காங்க. இந்த மாதிரி தோலப் பாத்துக்கிட்ட ஆள நான் பாத்ததே இல்ல" என்றார்.

அப்பா என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். என் அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். பட்டறைக்காரர் ஒன்றும் புரியாமல் நின்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த டாக்டர்மேல், பூட்ஸ்மேல், மழைமேல், உலகத்தில் இருக்கிற உப்பு எல்லாவற்றின்மேலும் கோபம் வந்தது. அப்பாமேல் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒரு அம்மாள் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள், உயரம் என் அளவுதான். பட்டறைக்காரர் பூட்ஸைக் கொண்டுபோய் அதன் காலில் மாட்டினார். பட்டை சுற்றிக்கொண்டது, முட்டி மூடி பதிந்தது. அது அழவே இல்லை. கொப்புளம் வராது, வலிக்காது, எல்லாவற்றையும் நான் முன்பே பட்டு முடித்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு டக், டக் என்று நாலு எட்டு வைத்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"ஏம்மா, மழக்காலத்துல இதக் கழட்டி வெச்சிடாதீங்க. நனைஞ்சா நனையட்டும், கிழிஞ்சா கிழியட்டும். புள்ள போட்டுக்கிட்டே இருக்கட்டும்."

அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். அப்பா ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அதையே சொன்னார், அவள் வாய்விட்டுச் சரி என்று சொல்லும்வரைக்கும். பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பஸ்ஸில் அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நான் கடித்த காயம் மணிக்கட்டில் இன்னும் ஆறாமல் இருந்தது.