வடக்கே தலை வைத்த கட்டில்

உதவித் தாதிப் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்னபோது அண்ணன் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. சந்தையில் அவருடைய கடையில் இரண்டாவது கத்தி என்னுடையது.

"எட்டாம் வகுப்போட நிண்டனீ. இப்ப கண்டவன்ர உடம்பு கழுவப் போறியோ?"

"மீனைக் கழுவிறன்தானே. மனிசரையும் கழுவுவன்."

"உன்ர கத்தி இதிலயே கிடக்கட்டும். திரும்பி வருவாய்."

மீன் வாடை போகக் கையில் தேசிக்காய் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாம்பல்தீவிலிருந்து டவுன் பஸ் ஏறினேன்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. படிப்பும் வேலையும் அங்கேயே. மற்றப் பிள்ளைகள் இளசுகள், பரீட்சை பாஸ் பண்ணினவர்கள். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். கை வேகமாக வரும். பிரஷர் பார்க்க, எழும்ப ஏலாதவரைப் படுக்கையிலேயே குளிப்பாட்ட, சரித்துப் படுக்க வைக்கப் பழகினேன். வார்டுக்குப் பொறுப்பான தாதி, பெரிய மிஸி, முதல் நாளே சொல்லிவிட்டார். நோயாளியின் ஆட்கள் முறைப்பாடு சொன்னால் பயிற்சி அத்தோடு சரி.

முறைப்பாடு வந்தது.

குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த வயதான முஸ்லிம் மனிதர். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இடது இடுப்பில் படுக்கைப் புண். நான் குளிப்பாட்டி, தாடியைச் சீவி, வலப்பக்கம் சரித்து, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திவிட்டு வாளியோடு வெளியே போனேன். அந்த நேரம் மகள் வந்து வாசலில் நின்று பார்த்திருக்கிறார். வார்டே கேட்க அழுதார்.

எங்கள் வார்டில் கட்டில்களின் தலைமாடு வடக்குச் சுவரோடு. எங்கட ஆட்களே வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் அதை யார் கேட்பது? அப்படிப் படுத்தவரை வலப்பக்கம் சரித்தால் முகம் மேற்கே. முஸ்லிம் ஆட்கள் இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டி, வெள்ளை சுற்றி, குழிக்குள் அப்படித்தான் வைப்பார்களாம். அன்றுவரை எனக்குத் தெரியாது.

சத்தத்தில் அவர் கண் திறந்தார். "கத்தாத மகள். நான் இன்னும் மௌத்தாகல்ல," என்றார், கோணின வாயால். அவருக்குச் சிரிப்பு. மகளுக்கு இல்லை.

பெரிய மிஸி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அந்தக் கட்டில் பக்கம் இனிப் போகவேண்டாம், என்னை வைத்திருப்பதா என்று யோசிக்கவேண்டும் என்றார்.

அடுத்த நாள் காலை அந்தக் கட்டிலடிக்குத்தான் போனேன். அவரை இடப்பக்கம் சரித்து விட்டிருந்தார்கள், புண்ணின் மேலேயே. துணி நனைந்திருந்தது. மகள் பக்கத்தில் கதிரையில் இருந்தார்.

கட்டிலைத் திருப்பிப் போட்டால் சரியோ என்று மகளிடம் கேட்டேன். தலைமாடு தெற்கே வந்தால் வலப்பக்கம் சரித்தாலும் முகம் கிழக்கே இருக்கும். அவர் எழும்பிக் கதிரையைத் தள்ளி வைத்தார். பிறகு கட்டிலின் மற்றப் பக்கம் பிடித்தார்.

பெரிய மிஸி வந்தபோது வரிசையில் அந்தக் கட்டில் மட்டும் மாறிக் கிடந்தது.

"ஆரைக் கேட்டுத் திருப்பினனீர்?"

"இவையளைக் கேட்டனான், மிஸி."

"பழையபடி போடும்."

"புண் ஆறட்டும். பிறகு போடுறன்."

"வீட்டை போக விருப்பமோ?"

"இல்லை மிஸி. நான் போகமாட்டன்."

மகள் கதிரையை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு இருந்துகொண்டார். மிஸி கட்டில் காலில் இருந்த சில்லைத் தன் காலால் தள்ளிப் பார்த்தார். நான் பூட்டியிருந்தேன், அது உருளவில்லை.

"புண்ணுக்கு மருந்து கட்டியாச்சோ?"

"ஓம் மிஸி."

போய்விட்டார். முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. புண் ஆறும்வரை கட்டில் அப்படியே கிடந்தது.

பயிற்சி முடித்த அன்று வெள்ளை உடுப்போடு சந்தைக்குள்ளால் நடந்தேன். சுற்றிப் போகவும் வழி இருக்கிறது. கருவாட்டுக் கடைக்காரி, "மிஸி, எனக்கும் ஒரு ஊசி," என்றாள். முதலில் கையைக் கழுவச் சொன்னேன்.

கடையில் என் கத்தி வைத்த இடத்திலேயே கிடந்தது. துருப்பிடித்திருந்தது.

"பாரை ஒரு கிலோ. வெட்டித் தாங்கோ."

"நீயே வெட்டன். கத்தி கிடக்கு."

"நான் மீன் வாங்க வந்தனான், அண்ணா."

அவர் வெட்டினார்.